தானே புயலும் அத்தை வீட்டு ஓடும்

2011 டிசம்பர் 30 விடிகாலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. (பேரு வச்சது மியான்மர். நம்மாளுங்க "தானே வந்துச்சு"ன்னு கடிச்சது தனிக்கதை.) பெண்ணாடத்துல எங்க வீட்டுக்குப் பெரிய சேதமில்ல. பண்ருட்டி பக்கம் அத்தை வீட்டுலதான் ஓடு மொத்தமும் போச்சு. நானும் அப்பாவும் விருத்தாசலத்துல பஸ் மாறிப் போனோம். அப்போ நான் பத்தாவது.

உடையாத ஓட்டைப் பொறுக்கி அடுக்குறது என் வேலை. எத்தனை தேள் பாத்தேன்னு மட்டும் கேக்காதீங்க! கைமரம் அஞ்சு முறிஞ்சிருந்துச்சு. கொல்லையில சாஞ்சு கிடந்த பலாமரத்தையே அறுத்துக்கலாம்னாங்க அத்தை. பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கும், ஓடு நிக்காதுன்னு ஆசாரி ஒத்துக்கல. சரி, வித்துடலாம்னா, சுத்துப்பட்டு பூரா முந்திரியும் பலாவும் சாஞ்சு கிடக்கு, எவன் விலை கொடுப்பான்? வந்த வியாபாரி விறகு விலைதான் சொன்னார். அந்தக் காசு கைமரத்துக்கே பத்தல. மீதியை அப்பா போட்டார்.

பொங்கலுக்கு முன்னாடி ஓடு வேஞ்சு முடிச்சாச்சு. ஆனா அந்த வீட்டுக்குச் சோறு போட்டது மரம்தானே? புதுசா வச்ச பலா காய்க்க வருஷக்கணக்காகும். அந்த மாசமே பனியன் கம்பெனி வேலைக்குன்னு திருப்பூர் கிளம்பின மாமா, திரும்பி வர ஆறு வருஷம் ஆச்சு.