இரவல் ஒளியும் சொந்த ஒளியும்

அரபியில் ஒளியைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் 'ளியா' என்பதும் 'நூர்' என்பதும் நம் காதில் அடிக்கடி விழுபவை. திருக்குர்ஆனின் யூனுஸ் அத்தியாயத்தில் சூரியனுக்கு முதற் சொல்லும் சந்திரனுக்கு இரண்டாம் சொல்லும் ஆளப்பட்டிருக்கின்றன. அதைக் கண்ட விரிவுரையாளர் பலர், தானே சுடர்வது ளியா என்றும், பிறிதொன்றிடம் பெற்றுத் தருவது நூர் என்றும் வேற்றுமை கூறுவர். இந்த நுட்பத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க நேரும்போது நான் வானத்தைக் காட்டுவதில்லை. மதரஸா முற்றத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் சைக்கிளைக் காட்டுவேன். கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் விளக்கு ளியா. பின்சக்கரத்து மட்கார்டில் பதித்த சிவப்பு வில்லை நூர். இப்போதெல்லாம் உவமை பாதியில் நின்றுவிடுகிறது. வில்லை இருக்கிறது, விளக்கைத்தான் காணோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் கீழ்பென்னாத்தூர். பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்களும் சரக்கு லாரிகளும் இவ்வழியே ஓடுகின்றன. அவை விரையும் அந்த வைகறையில்தான் பால்காரர் கேனைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். கழனிக்குப் போகிறவர் மண்வெட்டியோடு வருகிறார். சுபுஹுத் தொழுகைக்கு முதியவர்கள் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் சுடரைச் சுற்றுவட்டாரத்து ஊர்கள் பலவும் தத்தம் மொட்டை மாடிகளிலிருந்தே காண்கின்றன. அவ்வளவு தொலைவில் எரியும் விளக்குத் தெரிகிற நாட்டில், பத்தடி முன்னே சைக்கிளில் வரும் மனிதர் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிப் பனியில் எங்கள் பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொல்ல வந்துகொண்டிருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து வலப்புறத் தெருவிற்குத் திரும்புகையில், பின்னால் வந்த காய்கறி வேன் அவரைத் தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. அன்று பாங்கு சொன்னவர் வேறொருவர். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பலர் எதுவோ நேர்ந்துவிட்டதென்று எழுந்து வந்தார்கள். ஓட்டுநர் ஓடிவிடவில்லை, அவரே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். ஆயினும் மாலையில் கூடிய கூட்டத்தில் அவர்மேல் கோபம் கொதித்தது. அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "சத்தியமா தெரியலைங்க பாய். இடிச்சப்புறந்தான் சைக்கிளே தெரிஞ்சுது." நான் அதை நம்பினேன். மோதினாரின் வண்டியில் சிவப்பு வில்லை இருந்தது உண்மை. காரியரில் கட்டியிருந்த பை தொங்கி அதை மறைத்துவிட்டது. விளக்கு கிடையாது.

கணக்கு எளியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். எதிர் வண்டிக்காக விளக்கைத் தாழ்த்தியிருக்கும் ஓட்டுநர், கறுப்புச் சால்வை போர்த்திய உருவத்தைக் கண்டு, அது மனிதர் என்று அறிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்று ஒன்றரை நொடி ஓடிவிடுகிறது. நிற்பதற்கு வேண்டிய தூரம் அதற்கு மேல். நம்மவர் கூறும் சமாதானமோ வேறு: "எனக்கு வழி நல்லாத் தெரியுது ஹஜ்ரத், விளக்கு எதுக்கு?" நாற்பது ஆண்டு பழகிய வழி கண்ணை மூடினாலும் தெரியும்தான். வழியில் வரும் மற்றவனுக்கு இவரைத் தெரிய வேண்டாமா?

முற்காலத்தில் இதனைச் சட்டம் கவனித்துக்கொண்டது. எங்கள் தகப்பனார் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு டைனமோ. 1980-களில் நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்தபோது, மஃரிபுக்குப் பின் விளக்கில்லாமல் போனால் முச்சந்தியில் காவலர் நிறுத்துவார். அபராதம் கட்டக் காசில்லாத மாணவனானால் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கி அனுப்புவார். அவர் தொப்பியைக் கண்டதும் இறங்கி, ஒன்றுமறியாதவர் போலத் தள்ளிக்கொண்டு நடப்போரும் உண்டு. ஃபிக்ஹு நூல்களில் 'ஹீலா' பற்றிப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது கண்கண்ட எடுத்துக்காட்டாயிற்று. பின் மட்கார்டின் அடியில் வெள்ளைப் பட்டை பூசும் வழக்கத்தை நினைவிருக்கிறதா? இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்பில் பிரிட்டனில் கட்டாயமாக்கப்பட்ட அது, போர் முடிந்தபின்னும் நம் ஊர்ச் சைக்கிள்களில் நெடுநாள் தங்கியிருந்தது.

அந்தக் கண்டிப்பெல்லாம் மோட்டார் வண்டிகள் பெருகியதும் தேய்ந்துபோயிற்று. சைக்கிளோ மறையவில்லை. தமிழகத்தில் 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-க்குப் பிறகு விரிந்து, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுதோறும் வண்டி வந்தது. நம் பெண்மக்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகத் துணிந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. சிறப்பு வகுப்பு முடிந்து அவர்கள் வீடு திரும்பும் வேளை அதுதான். அவ்வண்டிகளில் விளக்கு வாங்கிப் பொருத்தியவர் எங்கள் தெருவில் ஒருவர் இருவரே.

2020-ல் மத்திய அரசு சைக்கிள்களின் ஒளி திருப்பும் வில்லைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. நல்ல காரியம். எனினும் நூரின் இயல்பை மறக்கலாகாது. எதிரில் வரும் விளக்கு அதன்மேல் நேராக விழுந்தால்தான் அது பேசும். குறுக்குத் தெருவிலிருந்து வரும் வண்டியின் ஒளி அதன்மேல் படுவதில்லை. முன்விளக்கு அணைந்த டிராக்டருக்கு அது இல்லாத பொருளே. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2004-05-ல் 3,845 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரின் சைக்கிளில் பகலும் இரவும் எரியும் விளக்கைப் பொருத்திப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காயம் நேர்ந்த விபத்துகள் மற்றவரைவிட 19 விழுக்காடு குறைந்தன. பகலிலும் எரிந்தது என்பதை நோக்குக.

வில்லையிலும் இடமறிந்து வைப்பது ஒரு கலை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், இரவில் கறுப்பாடை அணிந்து சைக்கிள் மிதித்தவரை ஓட்டுநருள் 2 விழுக்காட்டினரே மனிதரென்று கண்டுகொண்டனர். ஒளிரும் மேற்சட்டை அணிந்தவரை 50 விழுக்காட்டினர். அச்சட்டையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் ஒளிரும் பட்டை கட்டியவரை 90 விழுக்காட்டினர். மேலும் கீழும் அசைவது கால் என்பதை மூளை உடனே அறிந்துகொள்கிறது. கைலி கட்டி மிதிக்கும் நம் பெரியவர்கள் கணுக்காலில் ஒரு பட்டையைச் சுற்றிக்கொள்வது கடினமன்று. சங்கிலியில் துணி மாட்டாமலும் இருக்கும்.

டைனமோவைப் பற்றி ஒரு சொல். சக்கரத்தில் உரசிச் சுழலும் காந்தம், 6 வோல்ட்டில் 3 வாட் மின்சாரம் தரும். சுழற்சி நின்றால் ஒளியும் நிற்கும். வலப்புறம் திரும்புவதற்காகச் சாலை நடுவே காலூன்றி நிற்கும்போது, எந்தக் கணத்தில் விளக்கு மிக வேண்டுமோ அந்தக் கணத்தில் அது அணைந்துவிடும். இன்று கிடைக்கும் சிறிய மின்கல விளக்குகளில் இக்குறை இல்லை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பின்விளக்கைப் பையும் துணியும் மறைக்காத இடத்தில் கட்ட வேண்டும். மினுக்குவது கண்ணைக் கவரும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று கணிப்பது கடினம். ஆகவே ஒன்றேனும் நிலையாக எரியட்டும்.

இனித் திரும்புதல். பிறர் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்பதை 'இஸ்திஃதான்' என்போம். மும்முறை கேட்டும் விடை வராவிடில் திரும்பிவிட வேண்டுமென்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். சாலையில் இடமிருந்து வலம் போகிறவனும் பிறர் வழியில் நுழைகிறவனே. சைகை காட்டுவது கேட்பது. கேட்டுவிட்டதாலேயே அனுமதி கிடைத்ததாகாது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, வலக்கையை நன்றாக நீட்டி, வருகிறவன் வேகம் தணித்தானா என்று கண்டபின்பே திரும்ப வேண்டும். தணிக்கவில்லையென்றால் ஓரமாக இறங்கி நிற்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

மோட்டார் சைக்கிளைப் போல இடவல விளக்குகள் பொருத்திய சாதனங்களும் விற்பனைக்கு வருகின்றன. சைக்கிளில் இரண்டுக்கும் இடைவெளி ஒரு சாண்தான். தூரத்திலிருந்து எந்தப் பக்கம் மினுக்குகிறதென்று பிரித்தறிவது எளிதன்று. நீட்டிய கை இரண்டு முழம் இருக்கிறது. ஆனால் இருட்டில் அக்கையும் தெரியாதே! மணிக்கட்டில் ஒளிரும் பட்டை ஒன்று அணிந்தால், பகலின் சைகை இரவிலும் சைகையாகும். பையனுக்குக் கைக்கடிகாரம் வாங்கித் தரும் தகப்பனார் இதனையும் சேர்த்து வாங்கலாம்.

மோதினார் நான்கு மாதங்களுக்குப் பின் மீண்டும் சைக்கிள் ஏறினார். பேரன் பின்னால் ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்திக் கொடுத்திருந்தான். கிழவருக்கு அதைப் போடத் தெரிகிறது, அணைக்க நினைவிருப்பதில்லை. தொழுது முடித்து நாங்கள் வெளியே வரும்போது வாசல் வேப்பமரத்தடியில் அது எரிந்துகொண்டிருக்கும். செருப்பைத் தேடும் பிள்ளைகளில் யாராவது ஒருவன் அணைத்துவிட்டுப் போவான்.