இரவில் வரும் சூரியன்

ஒன்பதாம் வகுப்பில் சூரியனைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒளியோடு நியூட்ரினோ என்றொரு துகளும் வருகிறது, பெருவிரல் நகத்தளவு இடத்தை ஒவ்வொரு செக்கனும் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன என்றேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வாப்பா நிலாவெளிக் கடலில் இராத்தொழில் செய்பவர்.

"ராவைக்கும் வருமா சேர்?"

வரும். இரவில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம். நியூட்ரினோவுக்குப் பூமி ஒரு தடையே அல்ல. மண்ணைத் துளைத்து, பாய்க்குக் கீழிருந்து மேலே வரும்.

எதிலும் முட்டாத ஒன்றைப் பிடிப்பது எப்படி? இருட்டுக்காலத்தில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் கடல் மினுங்குவதைக் கண்ட பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. கடலில் மினுங்குவது சிற்றுயிர். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள் மினுங்கியது 278 தொன் எண்ணெய். நியூட்ரினோ எப்போதாவது ஓர் இலத்திரனை இடித்தால் அந்த எண்ணெயில் சிறு வெளிச்சம் பிறக்கும். சுற்றிவர 2,200 அளவிலான ஒளியுணர் குழாய்கள் அதைப் பார்த்திருந்தன. பொரெக்சினோ என்பது அதன் பெயர். 2007இல் தொடங்கி 2021 வரை இயங்கியது.

மலைக்குள் போனது விண்ணிலிருந்து பொழியும் மற்றக் கதிர்களிடமிருந்து தப்பவே. 1,400 மீற்றர் பாறை அவற்றைப் பத்து இலட்சத்தில் ஒன்றாகக் குறைத்தது. பாறையிலும் எண்ணெயிலும் இயல்பாகவே உள்ள கதிரியக்கம் அதைவிடப் பெரிய தொல்லை. நாம் குடிக்கும் தண்ணீரைவிடக் கோடிக்கணக்கான மடங்கு தூய்மையாக்கிய பிறகும், 100 தொன்னுக்கு நாளொன்றில் அவர்கள் எண்ணிய பெரிலிய நியூட்ரினோக்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. எனக்கு வியப்பு இந்தப் பொறுமையில்தான். பையனின் கேள்வியையும் அவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் தென்படவில்லை என்று 2011இல் அறிவித்தார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 1965இல் கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு தென்னாபிரிக்கச் சுரங்கமொன்றிலும் கண்டார்கள். கோலாரில் இருந்தது எண்ணெயல்ல, மினுங்கும் பிளாஸ்ரிக். அகப்பட்டதும் சூரியனுடையதல்ல, நமது வளிமண்டலத்தில் பிறந்தது. ஆனாலும் மண்ணுக்குள் காத்திருக்கும் அந்த வித்தை ஒன்றுதான்.

அவ்வளவு ஆழத்துக்கு வழி வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்க் கூலிகள். தூசியில் நுரையீரல் கெட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். ஆய்வுக் கட்டுரைகளில் விஞ்ஞானிகளின் பெயர்களே உண்டு. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அடுத்த பாடத்தில் கோலாரைக் கரும்பலகையில் வரைந்தேன், கீழே இறங்கும் கூட்டையும் அதற்குள் நிற்கும் மனிதர்களையும் சேர்த்து.