சொல்லப்படாத முறைப்பாடு

முதியோர் இல்லங்களில் நிகழும் பராமரிப்புக் குறைகளை எவ்வாறு விசாரிப்பது என்னும் வினாவைக் கல்முனைக் கரையில் எழுப்பினால், “இங்கே அத்தகைய இல்லங்கள் ஏது?” என்னும் மறுவினாவே பெரும்பாலும் எழும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாய் அமைந்த முஸ்லிம் ஊர்களிலே பெற்றோரைப் பிறர் கையில் ஒப்படைப்பது பழிக்குரியதாகவே கருதப்படுகின்றது. மகளின் வீடே முதியோரின் இல்லம். இம்மறுமொழியில் உண்மை உண்டு. எனினும் வினா அத்துடன் முடிந்துவிடுவதில்லை. பராமரிப்பு நிகழும் இடமெல்லாம் குறை நிகழக்கூடிய இடமுமாகும். வீடு அதற்கு விலக்கன்று.

இக்கரையின் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்கின்றது. மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். பெற்றோர் தாம் அரும்பாடுபட்டுக் கட்டிய கல்வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவிற் சிறியதொரு வீட்டுக்கு ஒதுங்குவதும் உண்டு. தாய்வழிக் குடிமுறையோடு இணைந்த இவ்வழக்கம் பெண்ணுக்கு அளிக்கும் பாதுகாப்புப் பெரிது. முதுமையில் உம்மாவும் வாப்பாவும் மகளின் அருகிலேயே இருக்கவும் அது வழிசெய்கின்றது. பெரும்பாலான வீடுகளில் அன்பு குறைவதுமில்லை. ஆயினும் குறை நேரும் வீட்டிலே உம்மாவின் நிலை யாது? அவர் இருக்கும் வளவு இப்போது மகளுடையது. உண்ணும் சோறு மகளின் கையால் வருவது. யாரை நம்பி வாழ்கின்றாரோ அவர்மீதே முறையிட வேண்டியவராகின்றார். முறையிட்ட பின்பு அன்றிரவு உறங்குவதும் அதே வளவில்தான்.

முன்னாளிற் குடிகளின் மரைக்காயர்மார் பள்ளிவாசலில் அமர்ந்து குடும்பப் பிணக்குகளைத் தீர்த்தனர். அவர்களிடம் ஒரு மூதாட்டி தானே சென்று தன் மகளைப் பற்றிச் சொல்லியிருப்பாரா என்பது ஐயத்துக்குரியதே. ஆனால் அம்முறையில் ஒரு நன்மை இருந்தது: அயலார் கண்டது மரைக்காயரின் காதுக்கு எட்டும், பாதிக்கப்பட்டவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வேறொரு வழியை வகுத்தது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்று அது விதித்தது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பராமரிப்புப் பணம் கோருவதற்கு ஒரு சபையையும் ஏற்படுத்தியது. நல்ல சட்டமே. ஆனால் பணத்தை அளவிடலாம். நோயுற்ற உடலைக் குளிப்பாட்ட ஒரு கை வேண்டும் என்பதை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

இந்தியாவில் 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட சொத்தை, அந்நிபந்தனை தவறுமிடத்து மீட்டுக்கொள்ள இடமளிக்கின்றது. வீடு கைமாறும் இக்கரைக்கு அது மிகவும் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் மகளின் திருமணத்தன்று சீதன உறுதியில் எந்த உம்மா நிபந்தனை எழுதச் சொல்வார்? மருமகன் வீட்டார் அதைக் கேட்டால் திருமணமே நின்றுவிடுமன்றோ!

அமெரிக்காவில் இச்சிக்கலை ஓரளவு உணர்ந்திருந்தனர். 1972இல் அங்கு சோதனை முறையில் தொடங்கப்பட்ட முதியோர் இல்லக் குறைகேள் திட்டம், 1978இன் சட்டத் திருத்தத்தால் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாயிற்று. குறைகேளதிகாரி முறைப்பாடு வரும்வரை அலுவலகத்திற் காத்திருப்பதில்லை. இல்லங்களுக்குச் சென்று முதியோரோடு தனித்துப் பேசுகின்றார். முறையிட்டவரின் பெயரை அவரது இசைவின்றி வெளியிடுவதுமில்லை. அங்குள்ள இல்லங்களை இங்கு கொண்டுவர வேண்டியதில்லை. அந்தப் பேச்சின் தனிமையைக் கொண்டுவரலாம்.

வளவுக்குள் நுழையும் அதிகாரிக்கு இங்கு முதலிற் கிடைப்பது உபசரிப்பு. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்து அருகிலேயே நிற்பாள். “உங்களுக்கு ஏதும் குறையுண்டா, உம்மா?” என்று அவள்முன் கேட்டால், “அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை மகன்” என்பதே விடையாகும். அதை முறைப்பாடின்மை எனக் குறித்துக்கொண்டு திரும்புவது எளிது. அனுபவமுள்ளவரோ கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்குவார். நீரிழிவுக்கு மாதந்தோறும் செல்ல வேண்டியவர் எத்தனை மாதங்கள் செல்லவில்லை என்பது அதிலே தேதியோடு இருக்கும். கொப்பியை மூடிவிட்டு, மகள் அடுக்களைக்குப் போகும்வரை பொறுத்திருந்து, வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல யாரும் இருக்கவில்லையா என்று மெல்லக் கேட்பார்.