சொந்த உபயோகத்துக்கு ஒரு டிராக்டர்

மகன் அமெரிக்காவில், மாந்தோப்பு பாகாலாவில். நடுவே ஒரு கப்பல், ஒரு சுங்க அலுவலகம், கொஞ்சம் சட்டம்.

வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைக்க இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்காக வரவழைப்பவருக்கு அது தேவையில்லை என்று அரசே விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் அந்த விலக்குக்கு ஒரு வால் உண்டு. அந்த உபயோகம் வியாபாரம், உற்பத்தி, விவசாயம் ஆகிய மூன்றோடும் சம்பந்தப்படாததாக இருக்க வேண்டும். 1993-ம் ஆண்டு ஆணையிலேயே இப்படித்தான் இருக்கிறது. அதாவது, தன் வீட்டுக் கூடத்துக்கு ஒருவர் பியானோ வரவழைத்தால் அது சொந்த உபயோகம். தன் நிலத்தை உழ டிராக்டர் வரவழைத்தால் அல்ல.

பாகாலாவுக்குப் பக்கத்தில் ஒன்பது ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டது சென்னை ராஜாஜி சாலையில், ஒரு கிளியரிங் ஏஜெண்டின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது. "விவசாயி தனக்காக எதையாவது செய்துகொள்கிறான் என்று சர்க்கார் நம்பவில்லை போலிருக்கிறது" என்று அவர் சொல்ல, ஏஜெண்ட் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிறது பாகாலா. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் வட்டாரம். பெயர்ப் பலகைகள் தெலுங்கில் இருக்கும். கடைக்காரர் தமிழில் பதில் சொல்வார். அப்பாவைப் பல வீடுகளில் 'நைனா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே விளையும் மாங்காயில் பெரும்பகுதி தோத்தாபுரி. கிளிமூக்கு என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பழமாகத் தின்பதைவிடக் கூழாகி டப்பாவில் அடைபடுவதற்கென்றே பிறந்த ரகம். சீசனில் தாமலசெருவு மண்டியை நோக்கி வண்டி வண்டியாகப் போகும்.

ஆசிரியரின் தோப்பு அவருடைய தகப்பனார் வைத்தது. மரங்கள் பரந்து, கிளைகள் தாழ்ந்து கிடக்கின்றன. வாடகை டிராக்டர் உள்ளே நுழைந்தால் ஒன்று கிளை முறியும், அல்லது டிரைவரின் தலை இடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, மழை பெய்த மறுநாள் எல்லாத் தோப்புக்காரர்களும் ஒரே டிராக்டரைக் கூப்பிடுவது. இவர் முறை வருவதற்குள் மண் காய்ந்துவிடும். ஆளை வைத்துக் கொத்தலாம் என்றால் ஆள் இல்லை. ஊர்ப் பையன்கள் திருப்பதிக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மனைத் தரகர்கள் மட்டும் கூப்பிடாமலே வருகிறார்கள். தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், ரோடு எத்தனை அடி என்று கேட்கிறார்கள்.

இப்படிப்பட்ட நிலையில்தான் அவர் 2023 கோடையில் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனார். ஊரைத் தாண்டி ஓர் ஆப்பிள் தோட்டம். அங்கே ஒரு குட்டி டிராக்டர். அகலம் குறைவு, உயரமும் குறைவு. டிரைவருக்குப் பின்னால் இருந்த பாதுகாப்புக் கம்பியை மடக்கிவிட்டு, ஒரு கிழவர் கிளைகளுக்கு அடியில் அதை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு இலை உதிரவில்லை. ஆசிரியர் சுதந்திர தேவி சிலையைப் பார்த்துக்கூட அவ்வளவு நேரம் நிற்கவில்லை என்று மருமகள் பிறகு சொன்னாள்.

"அதே மாதிரி ஒன்று நம்ம தோப்புக்கு அனுப்பிவிடுகிறேன் நைனா, பணம் ஒரு விஷயமே இல்லை" என்றான் மகன்.

"பணம் உனக்கு விஷயமில்லை. பார்ட்டு உடைந்தால் பாகாலாவில் எங்கேடா போவேன்?"

ஆனாலும் ஆசை விடவில்லை. மகன் வருடத்துக்கு ஒரு முறை, பத்து நாள் வருகிறான். தோப்பை என்ன செய்வது என்ற பேச்சை இருவருமே எடுப்பதில்லை. டிராக்டர் வந்தால் அந்தப் பேச்சை இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போடலாம். மகனுக்கும் அதுதான் கணக்கு. தான் இல்லாத இடத்தில் ஒரு இயந்திரமாவது இருக்கட்டும் என்ற கணக்கு.

அயல்நாட்டு டிராக்டர் மீது இந்தியருக்கு மோகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் வேறு டிராக்டரே கிடையாது. ஃபரிதாபாத்தில் ஐஷர் நிறுவனம் நாட்டில் முதலில் டிராக்டர் தயாரித்தது 1959-ல்தான். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் டாஃபே, மாஸி ஃபெர்குஸனோடு சேர்ந்து தொடங்கியது. அறுபதுகளிலும் தேவைக்கு உற்பத்தி போதவில்லை. சோவியத் நாட்டு பைலாரஸ், செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் எல்லாம் கப்பலில் வந்தன. பணம் கட்டிவிட்டு முறைக்குக் காத்திருந்தார்கள். இவருடைய தகப்பனார் தலைமுறைக்கு டிராக்டர் என்றாலே 'சீமை' சாமான்.

இன்று நிலைமை தலைகீழ். எண்ணிக்கையில் உலகிலேயே அதிக டிராக்டர் செய்யும் நாடு இந்தியா. 2022-23 நிதியாண்டில் உள்நாட்டில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேல் விற்றன. அமெரிக்கக் கம்பெனியின் பெயரோடு அமெரிக்காவில் விற்கும் டிராக்டர்களில் சில புனேயில் தயாராகிப் போகின்றன. மஹிந்திரா 1994-லேயே அங்கே கடை விரித்தது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ராணிப்பேட்டையில் இத்தாலியின் ஸாமே கம்பெனி தொண்ணூறுகளிலேயே ஆலை தொடங்கியது. ஜப்பானின் குபோட்டா 2008-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து இந்தியாவுக்குள் வந்தது.

இதெல்லாம் ஆசிரியருக்குப் பிறகுதான் தெரிந்தது. 2024-ல் அவர் சென்னைக்குப் போனபோது கையில் இருந்தது மகன் அனுப்பிய ஒரு படமும் விலைச்சீட்டும்தான்.

ஏஜெண்ட் நல்ல மனிதர். ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதினார். டிராக்டரின் விலை. கப்பல் கூலி. இன்ஷூரன்ஸ். மூன்றையும் கூட்டினால் வருவதுதான் சுங்கத்துக்குக் கணக்கு. அதன் மேல் சுங்க வரி. வரியையும் சேர்த்து வரும் தொகையின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. பிறகு துறைமுகக் கட்டணம், கப்பல் கம்பெனிக் கட்டணம், ஏஜெண்ட் கூலி, பாகாலா வரைக்கும் லாரி. காகிதத்தில் ஒரு எழுத்து பிசகி கன்டெய்னர் துறைமுகத்தில் தங்கினால் நாள் கணக்கில் வாடகை.

"மகன் அன்பளிப்பாகத்தானே தருகிறான்?"

"அன்பளிப்பு உங்களுக்கு, சார். சுங்கத்துக்கு அது சரக்கு. அதற்கு என்ன விலையோ அதற்கு வரி."

பழைய டிராக்டர் வாங்கினால் மலிவாக வருமே என்று கேட்டார். அதில் வேறு வம்பு. பழைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள் தனி. டயரில் அந்த ஊர் மண் ஒட்டியிருந்தாலும் ஆகாது. மண்ணோடு பூச்சியும் நோயும் வரும் என்று 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைத் தடுக்கிறது. புது டிராக்டர் என்றாலும், அது வரும் மரச்சட்டத்துக்குக்கூடப் பூச்சி நீக்கிய முத்திரை வேண்டும்.

கடைசியாக வந்தது பெரிய கல். கப்பலிலிருந்து இறங்கிவிட்டால் போதாது, டிராக்டர் பதிவாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பொது இடத்திலோ 'வேறு எந்த இடத்திலோ' பதிவில்லாத வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது. சொந்தத் தோப்பும் அந்த 'வேறு எந்த இட'த்தில் அடங்கிவிடும். பதிவுக்கு அந்த மாடல் இந்திய விதிகளின்படி பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். டிராக்டர்களுக்கு அந்தச் சோதனை நடக்கும் இடங்களில் பேர்போனது மத்தியப் பிரதேசத்தின் பூத்னி. ஆயிரம் டிராக்டர் கொண்டுவரும் கம்பெனி ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி, செலவை ஆயிரத்தில் பங்கு போட்டுவிடும். ஒரே ஒரு டிராக்டர் கொண்டுவருபவர் எதில் பங்கு போடுவது?

இதை வெறும் சிவப்பு நாடா என்று திட்டிவிட்டுப் போகலாம். அது நியாயமாகாது. பிரேக் பிடிக்காத, புகை கக்கும் எந்த வண்டியையும் யாரும் இறக்கிவிடாதபடி செய்த வேலி இது. மண்ணைத் தடுக்கும் விதி இவருடைய மாமரங்களுக்கே காவல். ஒவ்வொரு விதியையும் தனியாக எடுத்தால் சரிதான். எல்லாம் சேர்ந்து நிற்கும்போதுதான், கம்பெனிக்கு வாசலாக இருப்பது தனி மனிதனுக்குச் சுவராகிவிடுகிறது.

வீடு திரும்பியவர் கணக்குப் போட்டார். 2025 சீசனில் அந்தக் கணக்கு இன்னும் கசந்தது. தோத்தாபுரி விலை சரிந்தது. கர்நாடகக் காய்க்குச் சித்தூர் எல்லையில் தடை போடும் அளவுக்குப் போயிற்று. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், 4 ரூபாய் அரசு சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 12 ரூபாய் முழுதாகக் கைக்கு வந்தாலும், பத்து லட்ச ரூபாய்க்கு 83 டன் காய் விற்றாக வேண்டும். ஒன்பது ஏக்கரில் அது ஒரு வருஷத்து விளைச்சலுக்கும் மேல். அதுவும் உரம், மருந்து, பறிப்புக் கூலி எதையும் கழிக்காமல்.

"பணத்தைப் பார்க்காதே நைனா" என்றான் மகன், தொலைபேசியில்.

"நான் பார்க்காமல் யார் பார்ப்பது? தோப்பு தன் சம்பாத்தியத்தில் நிற்க வேண்டும். உன் சம்பளத்தில் நின்றால் அது தோப்பு இல்லை, பொம்மை."

மகன் வெகுநேரம் பேசவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக இருவரும் தோப்பைப் பற்றிப் பேசினார்கள். யார் பார்த்துக்கொள்வது, எத்தனை வருஷம், எந்த மரங்களை வெட்டிவிட்டு வேறு ரகம் வைக்கலாம் என்று. விற்பதா என்பதையும்தான். முடிவு ஏதும் வரவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. ஆறு லட்ச ரூபாய் வண்டிக்கு 42,000 ரூபாய் மிச்சம். தோப்புக்கென்றே குறுகலாகச் செய்த, உள்நாட்டுக் குட்டி டிராக்டர் ஒன்றை ஆசிரியர் சித்தூரில் வாங்கினார். மகனின் பணம் பாதி. அதைக் கடன் என்றே நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆப்பிள் தோட்டத்து டிராக்டரின் மிடுக்கு இதற்கு இல்லை. கிளைக்கு அடியில் நுழைகிறது. வாஷர் போனால் பாகாலாவிலேயே கிடைக்கிறது.

சென்னைப் பயணத்தில் அவருக்கு மிஞ்சியது அந்தக் குறியீட்டு எண். 500 ரூபாய் கட்டி வாங்கிவைத்திருந்தார். வீணாயிற்றே என்று மனைவி சொன்னபோது, அதன் பெயரை முழுசாகப் படித்துக் காட்டினார். இறக்குமதிக்கு மட்டுமல்ல, ஏற்றுமதிக்கும் அதே எண்தான். தோப்பின் ஓரத்தில் பங்கனபள்ளி மரம் நான்கு நிற்கிறது. மகனுக்கு ஒரு பெட்டி அனுப்பினால் என்ன என்று ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

இந்திய மாம்பழத்தை 2007-லிருந்து அமெரிக்கா அனுமதிக்கிறது. ஆனால் அங்கீகரித்த நிலையத்தில் பூச்சி நீக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு உட்படுத்தி, அவர்கள் முத்திரை குத்தினால்தான் உள்ளே விடுவார்கள் என்றார் ஏஜெண்ட். ஒரு பெட்டிக்கு இதெல்லாம் கட்டுமா என்று ஆசிரியர் கேட்கவில்லை. பதில் தெரியும். எத்தனை பெட்டி சேர்ந்தால் கட்டும் என்று கேட்டார்.