காசு கொடுத்து வாங்கிய எளிமை

ஜொகூரின் நடுப்பகுதியில், குளுவாங்கிலிருந்து ரெங்கம், லாயாங் லாயாங் பக்கம் நீளும் தோட்டப் பாதைகளை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. செம்பனைக் குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்து அவித்தாக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். லோரி எட்டாத மூலை ஒன்றுகூடத் தோட்டத்தில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் குறுக்கும் நெடுக்குமாகச் செம்மண் பாதை வெட்டினார்கள். குலைக்கு இருந்த அவசரத்தின் பலனை இன்று சைக்கிள்காரர்கள் சாவகாசமாக அனுபவிக்கிறார்கள். வாயிற்காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே நுழைந்தால் போதும், பத்து பகாட் – மெர்சிங் சாலையின் இரைச்சல் பின்தங்கிவிடும். மத்தியான மழைக்கு முன்னால் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்; நனைந்த செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் அப்புறம் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

காரில் போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரே பச்சை. சைக்கிளில் போகும்போதுதான் அது காடில்லை, தொழிற்கூடம் என்று புரியும். பாதை ஓரத்தில் வரிசையாகப் பூத்திருக்கும் மஞ்சள் பூச்செடிகளை அழகுக்காக நடவில்லை. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கிற சிறு குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு. மரங்களுக்கு நடுவே கம்பத்தில் ஏற்றி வைத்த பெட்டிகள் கூகைகளுக்கானவை. எலிகளை அவை பார்த்துக்கொள்ளும். ஒரு வளைவில் மரத்தடியில் முனீஸ்வரர் இருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வீடு இல்லை. சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் மட்டும் வாடாமல் இருந்தது. தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு பட்டணத்துக்குப் போய்விட்ட சனங்களில் யாரோ இன்னமும் வந்துபோகிறார்கள்.

நான் தங்கியது ஒரு மலாய்க் குடும்பம் நடத்தும் பழைய பலகை வீட்டில். வாடகை குறைவு. இயற்கையோடு இயைந்த தங்கல் என்று சொல்லித்தான் தருகிறார்கள். தூண்கள்மேல் நிற்கும் வீடு; தரைப்பலகைகளுக்கு இடையே மெல்லிய இடுக்கு விட்டிருப்பதால் காற்று கீழிருந்தும் வருகிறது. சன்னல்கள் ஏறக்குறைய தரையிலிருந்தே தொடங்குகின்றன. பாயில் படுத்திருப்பவர் மேலும் காற்று படும். மலாய் வீட்டின் இந்தக் கெட்டிக்காரத்தனங்களை லிம் ஜீ யுவான் 1987இல் ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். குளிர்சாதனம் எதற்கு என்று அந்த இரவில் நிஜமாகவே தோன்றியது.

தண்ணீர் கூரையிலிருந்து வருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஜொகூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 50 சதுர மீட்டர் தகரக் கூரை இருந்தால் ஒரு லட்சம் லிட்டர் கணக்காகிறது. குளித்த நீர் வாழைக்கன்றுக்குப் போவதால், "சவர்க்காரத்தைக் கொஞ்சமாகப் போடுங்கள்" என்று வீட்டுக்கார மக்சிக் சிரித்துக்கொண்டே சொன்னார். காலையில் பசியாற அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும். கோப்பி, இந்த மண்ணில் விளையும் லைபீரிக்கா. கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். தட்டில் இருந்தவற்றில் தொலைவிலிருந்து வந்தது நெத்திலிதான்.

ஊர் திரும்பி இதையெல்லாம் அம்மாவிடம் விவரித்தேன். தகரக் கூரை, பலகைச் சுவர், மழைத்தண்ணீர், கொசுவலை. அம்மா பால்மரம் வெட்டியவள். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்கு ஓடியவள். கேட்டு முடித்ததும் சொன்னாள்: "ஏன்டா, இதுக்குப் போயி வெள்ளி குடுத்தியா? எங்களுக்குத் தோட்டத்துல சும்மாவே குடுத்தானே!"

சிரிப்பு அடங்கிய பிறகு அந்தப் பேச்சு உறுத்தியது. லயத்திலும் குளிர்சாதனம் இல்லை. நெகிழிக் குப்பை இல்லை. கீரை வாசலிலேயே முளைத்தது. இன்றைய அளவுகோல்படி அதைவிடப் பசுமையான வாழ்க்கை கிடைக்காது. ஆனால் பல தோட்டங்களில் ராத்திரி சில மணி நேரத்துக்குத்தான் ஜெனரேட்டர் ஓடும். முதலாளி தர வேண்டிய வீட்டுக்கும் தண்ணீருக்கும் விளக்குக்கும் குறைந்தபட்ச அளவு இன்னதென்று 1990இல் புதிதாகச் சட்டம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு வேளை சாப்பிடாமலிருப்பது எனக்கு விரதம், அவளுக்குப் பட்டினி. வயிறு இரண்டிலும் காலிதான்.

அப்படியானால் இந்த மாதிரி விடுதிகள் வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்று தள்ளிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடிய விடிய ஓடும் குளிர்சாதனமும், அன்றாடம் துவைக்கும் துண்டும், குட்டிக் குட்டிப் புட்டிகளும் இல்லாத ஓர் இரவு உண்மையிலேயே குறைவாகச் செலவழிக்கிறது. காசும் நேராக அந்தச் சமையலறைக்கே போகிறது. பகாங்கின் தெமெர்லோவில் 1995இல் அரசு தொடங்கிவைத்த கிராமத் தங்கல் திட்டத்தின் நோக்கமும் இதுதான்: விருந்தாளி கிராமத்து வீட்டில் படுக்கட்டும், வரும்படி கிராமத்திலேயே நிற்கட்டும்.

எனக்குச் சரியாகப் படாதது வேறு. எளிமையில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை எளிமையை ஒருபோதும் சுமக்காதவர்கள் தீர்மானிக்கிறார்கள். இருட்டில் லாந்தரும் விறகடுப்பும் படத்துக்கு அழகாக இருப்பதால் உள்ளே வந்துவிடுகின்றன. அந்த அடுப்பை ஊதி ஊதி இருமியவர்களை யாரும் கேட்பதில்லை. அதனால் அம்மாவிடம் கேட்டேன்: "பழையபடி இருக்கச் சொன்னா எதெல்லாம் வேணும், எதெல்லாம் வேணாம்?"

அவள் யோசிக்கவே இல்லை. மழைத்தண்ணி வேணும், தலைமுடி அப்படியே பட்டா வரும். பெரிய சன்னல் வேணும். வாசல்ல கறிவேப்பிலை, முருங்கை வேணும். பக்கத்து வீட்டோட பேசுற திண்ணை வேணும். விறகடுப்பு வேணாம். பைப்படியில வாளி வச்சு வரிசை பிடிக்கிறது வேணாம். விளக்கு எப்ப போகும்னு பயந்துகிட்டு சமைக்கிறது வேணாம். ராத்திரி டார்ச் லைட்டு எடுத்துக்கிட்டு வெளிக் கக்கூசுக்கு நடக்கிறது வேணவே வேணாம்.

சுற்றுச்சூழல் விடுதி நடத்துகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான கையேட்டை நான் பார்த்ததில்லை. காற்றையும் மழையையும் தோட்டத்தையும் உள்ளே விடு. மனிதரின் முதுகையும் நுரையீரலையும் பயத்தையும் வெளியே நிறுத்து. கூரையில் ஒரு சூரியத் தகடும், வீட்டோடு சேர்ந்த கழிப்பறையும் எளிமையைக் கெடுத்துவிடாது. அந்த மக்சிக் இதை யாரும் சொல்லாமலே செய்திருக்கிறார்: அடுப்பு கேஸ், கழிப்பறை சமையலறைக்கு அடுத்து, கூரைக்குள்ளேயே.

அடுத்த தடவை அம்மாவும் வருகிறாள். குளுவாங்வரை ரயில், 1938 முதல் நடக்கும் ரயில் நிலையக் கோப்பிக் கடையில் கரியடுப்பில் வாட்டிய ரொட்டி சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து அவள் டாக்சி, நான் சைக்கிள். வாடகை எவ்வளவு என்று கேட்டாள், சொன்னேன். "பரவால்ல, கக்கூஸ் உள்ளதானே இருக்கு?" என்றாள்.