பப்ளிக் இல்லாத வருஷம்

ஆகஸ்ட் 8, 2025, வெள்ளி

ஸ்கூல் விட்டுத் திமிரி பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் செய்தி எல்லார் வாயிலும் இருந்தது. பிளஸ் ஒன்னுக்கு இந்த வருஷத்திலிருந்து பொதுத்தேர்வு கிடையாது. சென்னையில் முதலமைச்சர் இன்றைக்கு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில் அப்படித்தான் இருக்கிறதாம். ஆரணி பஸ்ஸில் தொற்றிக்கொண்ட பையன்கள் படிக்கட்டிலேயே விசிலடித்தார்கள். கலவைப் பக்கம் போகிற என் தோழி, "ஒரு வருஷம் ஜாலிடி" என்று கையைத் தட்டிவிட்டு ஓடினாள்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். ஷூ கம்பெனியிலிருந்து வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. "இன்னாடி இது, உங்க செட்டுக்கு மட்டும் எல்லாப் பரீட்சையும் ரத்தாயிக்கினே இருக்குது?" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அம்மா சொன்னது சரிதான். 2019இல் நாங்கள் ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம்தான் வேலூரிலிருந்து பிரிந்து ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து வயிற்றைக் கலக்கியதும் அந்த வருஷம்தான். 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்தார்கள். மார்ச்சில் கொரோனா வந்து ஸ்கூலையே மூடிவிட்டார்கள். ஆறாம் வகுப்பைக் கல்வித் தொலைக்காட்சியில் படித்தோம். திரும்பி வந்தபோது, இரண்டு வரி சேர்ந்தாற்போல வாசிக்கத் திணறியவர்கள் வகுப்பில் இருந்தார்கள். சாயங்காலங்களில் 'இல்லம் தேடிக் கல்வி'க்கு வந்த எங்கள் தெரு அக்காதான் பின்னக் கணக்கை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

ஐந்தாம் வகுப்புப் பரீட்சை போனதில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பாடம் போனதைச் சரிக்கட்டத்தான் வருஷக்கணக்கில் ஆனது.

ஆகஸ்ட் 20, புதன்

கணக்குப்பதிவியல் பீரியட். சார் போர்டில் கொடுத்த இருப்பாய்வு டேலி ஆகவில்லை. பற்றுப் பக்கத்துக்கும் வரவுப் பக்கத்துக்கும் 450 ரூபாய் வித்தியாசம். முதல் பெஞ்சில் கால்குலேட்டர் தட்டும் சத்தம், பின் பெஞ்சில் பெருமூச்சு. அனாமத்துக் கணக்கில் தள்ளிவிடலாமா என்று ஒருத்தன் கேட்க, வகுப்பே சிரித்தது.

சார் சிரிக்கவில்லை. "450ஐ ஒன்பதால வகுங்க" என்றார். மீதியில்லாமல் 50 வந்தது. "அப்படி வந்தா, எங்கேயோ எண்ணை இடம் மாத்தி எழுதியிருக்கலாம். தேடுங்க." எல்லாரும் பேரேட்டைப் புரட்டினோம். கூலிக் கணக்கில் 720 இருக்க வேண்டிய இடத்தில் 270 இருந்தது. சார் வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டிருக்கிறார்! கண்டுபிடித்தவள் கடைசி பெஞ்ச்காரி. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

போகும்போது சார் ஒரு வார்த்தை சொன்னார். பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடமே முழுமை பெறாப் பதிவேடுகளிலிருந்து கணக்கு தயாரிப்பது. பேரேடும் இருப்பாய்வும் கைவராதவர்களுக்கு அந்த வாசலிலேயே கால் தடுக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி லீவு. அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு விதித்த 50 சதவீத வரி அமலுக்கு வந்ததும் நேற்றுதான். பொருளியல் டீச்சர் சாக்பீஸை எடுத்து எழுதிக் காட்டினார். இங்கிருந்து 100 டாலருக்குப் போகிற சரக்குக்கு, அங்கே இறக்குமதி செய்கிறவர் 50 டாலர் வரி கட்ட வேண்டும். அப்புறம்தான் அவர் லாபம், கடைக்காரர் லாபம். அதனால் இறக்குமதி செய்கிறவர் இங்கே விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லாவிட்டால் வேறு நாட்டுக்குப் போவார்.

"உங்க வீட்டுல யாரெல்லாம் ஷூ கம்பெனிக்குப் போறாங்க?" என்று கேட்டார். மளமளவென்று கைகள் உயர்ந்தன. எங்கள் புத்தகத்தில் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் என்று ஒரு பாடம் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலெல்லாம் அதில் வரும். ஆனால் அது கடைசிக்கு முந்தின பாடம். போர்ஷனை வெட்டினால் முதலில் போகிறவற்றில் அதுவும் ஒன்று.

அம்மா ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற செக்‌ஷன். ஓவர்டைம் குறையும் என்று கம்பெனி பஸ்ஸில் பேச்சாம். "நீ காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபா வரும் இல்ல?" என்று கேட்டாள். புதுமைப்பெண் திட்டத்தைச் சொல்கிறாள். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு அது உண்டு. வரும் என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

தனியார் பள்ளியில் படிக்கிற என் சித்தி மகன் போன் பண்ணினான். அங்கே இந்த வருஷமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கப்போவதாகப் பேசிக்கொள்கிறார்களாம். இப்படிப் பல பள்ளிகள் பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்ததால்தான் 2017-18இல் அந்தப் பொதுத்தேர்வையே கொண்டுவந்தார்கள். இப்போது பரீட்சை போனதும் பழைய பழக்கம் திரும்ப வாசலில் நிற்கிறது.

பரீட்சை போனதில் எனக்கும் சந்தோஷம்தான். பத்தாம் வகுப்பில் ஒரு முறை, பிளஸ் டூவில் ஒரு முறை நடுங்கினால் போதும். அதற்காக, கேள்வித்தாள் வராத பாடம் பாடமே இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஆசிரியர்களே, எங்களுக்குக் கிடைத்த வருஷத்தை எங்களிடமே விடுங்கள். பிளஸ் டூ புத்தகம் அடுத்த ஜூனில் வரட்டும். அதுவரை பிளஸ் ஒன் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை நடத்துங்கள்.