சீட்டைக் கீழே வைக்காத மனிதர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்த பலரையும் போல எனக்கும் காட்ஸ் அடிப்பதென்றால் 304 தான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. நாலு இனத்தையும் கூட்டினால் 304. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் எந்தச் சீட்டை ஏன் போட்டார் என்று கடைசிவரை நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆட்டம். ஸ்காபரோ பேஸ்மென்ட்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. அங்கே எதிரே இருப்பவர் நம் மனதைப் படிக்க முயல்வார். அதனால்தான் அவரைத் திசைதிருப்ப முடிகிறது.

நயாகராவின் ஃபால்ஸ்வியூ போன்ற கசினோக்களில், சிறு தொகைக்கு ஆடும் டெக்சஸ் ஹோல்டம் மேசைகளில் அந்தப் பழக்கம் உதவாது. கட்டாயப் பந்தயம் ஒன்றும் இரண்டும் டொலர், அல்லது ஒன்றும் மூன்றும். சுற்றியிருப்பவர்கள் ஹமில்டன் உருக்காலையில் உழைத்து ஓய்வுபெற்றவர், லொறி ஓட்டுநர், பிறந்தநாள் கொண்டாட வந்த இளைஞர்கள். வேலையிடத்தில் காலநிலையைத் தாண்டாத பேச்சு, இந்த மேசையில் பேரப்பிள்ளைகள், ஓய்வூதியம், முழங்கால் வலி என்று நீளும். இந்த நாட்டு மனிதரோடு மணிக்கணக்கில் தோளுரச உட்கார எனக்குக் கிடைத்த இடங்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று.

அவர்கள் நெடுந்தூரம் கார் ஓட்டி வந்தது ஆடுவதற்கு; சீட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க அல்ல. இதை மனதில் வாங்கிக்கொண்டால் ஆட்ட முறை தானாக மாறும்.

முதலில் புளஃப்பை, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் போடுவதை, விடவேண்டும். 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் உலகப் போக்கர் தொடரை வென்ற பிறகு இந்த ஆட்டத்துக்கு வந்த தலைமுறைக்குத் தொலைக்காட்சி காட்டியதெல்லாம் துணிச்சலான புளஃப்கள். டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1987 இல் எழுதிய போக்கர் கோட்பாட்டு நூல் இன்றும் நான் மதிக்கும் நூல். ஆனால் அதில் வரும் பாதிப் புளஃப்புக்கு, அதாவது இன்னும் சேராத ஆனால் சேரக்கூடிய சீட்டோடு பந்தயம் போடுவதற்கு, வலுவூட்டுவதே எதிராளி பயந்து விலகக்கூடும் என்பதுதான். எங்கள் மேசையில் ஒரு சோடி ஏழு வைத்திருப்பவர் விலகமாட்டார். நான் எதைக் காட்ட முயல்கிறேன் என்று அவர் பார்ப்பதில்லை; தன் இரண்டு சீட்டைத்தான் பார்க்கிறார். என்னோடு வரும் அண்ணர் ஒருவர் கேட்டார்: "பாக்காதவனுக்கு ஏன் தம்பி படம் காட்டுறாய்?"

மாறாக, நல்ல சீட்டு வந்தால் பெரிதாகப் போடவேண்டும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். கடைசிச் சீட்டு மட்டும் மிச்சம், மேசையில் 60 டொலர். என்னிடம் வலுவான சோடி. அவருக்கு ஒரே இனத்தில் ஐந்து சேர இன்னும் ஒன்று வேண்டும். தன் இரண்டும் மேசையில் விரித்த நாலும் போக, அவர் பார்க்காத 46 சீட்டில் ஒன்பதுதான் அவருக்கு உதவும், ஐந்தில் ஒரு வாய்ப்புக்கும் சற்றுக் குறைவு. நான் 30 போட்டு அவரும் அதே தொகையைப் போட்டுக் கோல் பண்ணினால், அந்த முடிவில் அவருக்குச் சராசரி நட்டம் ஆறரை டொலர். 60 போட்டும் கோல் பண்ணினால் நட்டம் ஏறக்குறைய 25. தொகை இரண்டு மடங்கு, நட்டம் நாலு மடங்குக்கு அருகில். எதைப் போட்டாலும் தொடர்வேன் என்று இருப்பவரிடம் பாதி போடுவதில் நியாயமே இல்லை.

தொடக்கத்திலும் அப்படித்தான். சோடி ஆசு ஒருவருக்கு எதிராக நூற்றுக்கு 85 தடவை வெல்லும். ஐந்து பேர் நின்றால் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஆறு டொலர் போட்டால் ஐந்து பேரும் உள்ளே வருவார்கள். பதினைந்து, இருபது என்று போட்டால் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

இதைவிடக் கடினமான பாடம் இதன் மறுபக்கம். இரவெல்லாம் கோல் மட்டும் பண்ணிக்கொண்டிருந்த முதியவர் கடைசிச் சீட்டில் திடீரென்று தொகையைக் கூட்டி ரெயிஸ் பண்ணினால், என்னிடம் இரண்டு சோடி இருந்தாலும் கீழே வைத்துவிடுகிறேன். அவர் பொய் சொல்ல வரவில்லை. மனம் மட்டும் "ஒருதரம் பார்" என்று அரிக்கும். அப்படிப் பார்க்கப் போனால் மற்றவர்களிடம் நான் எதிர்பார்க்கும் அதே பலவீனம் என்னுடையதாகிவிடும்.

அந்த முதியவர் காசை நான் எடுப்பது சரியா என்று மனைவி கேட்டிருக்கிறாள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. அவர் ஆறு மணி நேரச் சந்தோசத்துக்கு இருநூறு டொலர் ஒதுக்கி வருபவராக இருந்தால் எனக்கு உறுத்தல் இல்லை. இரண்டாவது தடவை ஏரிஎம் பக்கம் போகிறவரிடம் பெரிய பந்தயம் போட எனக்கு மனம் வருவதில்லை. கணக்கு என்ன சொன்னாலும். கசினோவில் குடும்பக் காசை இழந்த எங்கள் ஆட்களைத் தெரியும் எனக்கு.

ஆட்டங்களில் சேரும் பணத்தில் ஒரு பங்கைக் கசினோ எடுத்துக்கொள்ளும். மணிக்கு முப்பது கை வரைதான் ஆடமுடியும். எதிராளிகள் தளர்ந்து ஆடினால்தான் அந்தப் பங்கையும் தாண்டி ஏதாவது மிஞ்சும். ஆகவே முதியவர்கள் வீட்டுக்குக் கிளம்பி, காதில் ஹெட்ஃபோனும் முன்னால் அடுக்கிய சிப்ஸுமாக இளைஞர்கள் மட்டும் மிஞ்சும் நேரத்தில் நானும் சிப்ஸை மாற்றிக்கொண்டு ஸ்காபரோவுக்குக் காரைத் திருப்பிவிடுவேன்.